ராமேஸ்வரத்தை நடந்து பார்க்க: புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

ராமேஸ்வரத்தில் ரயிலை விட்டு இறங்கியதும் ஆட்டோக்காரர் ஒரு அட்டையை நீட்டுவார். அதில் பத்துப் பதினைந்து இடங்கள் வரிசையாக இருக்கும். மூன்று மணி நேரத்தில் எல்லாவற்றையும் காட்டிவிடுவதாகச் சொல்வார், காட்டியும் விடுவார். ஆனால் அறைக்குத் திரும்பிய பிறகு எந்தக் கடல் எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது. எங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளிகளை வைத்தே சொல்கிறேன்.

கோயிலைச் சுற்றியுள்ள ஊர் சின்னது. கால் வலிக்காமல் ஒரு காலையிலும் ஒரு மாலையிலும் நடந்து முடித்துவிடலாம். மற்றதற்குப் பேருந்து இருக்கிறது. இரண்டு நாள் தங்குவதாக வைத்துக்கொண்டு, நான் உறவினர்களை அழைத்துப்போகும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

கிளம்பும் முன்: காற்று எந்தப் பக்கம்?

இங்கே நடை போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது வரைபடத்தை அல்ல, காற்றை. தீவுக்கு இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணைப் பக்கம் இருப்பதைப் பெண் கடல் என்போம், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்போம். ஒன்று குளம் மாதிரிக் கிடக்கும், மற்றொன்று எந்நேரமும் இரைந்துகொண்டிருக்கும். புதிதாக வருகிறவர்கள் இதை நிரந்தரம் என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரை கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும். தென்கரையில் மணல் பறந்து முகத்தில் அடிக்கும், வடகரை அமைதியாக இருக்கும். அக்டோபருக்கு மேல் வாடை வந்துவிட்டால் அந்தப் பெண் கடலுக்கும் கோபம் வரும். ஆகவே கச்சான் காலத்தில் வடகரையிலும் வாடைக் காலத்தில் தென்கரையிலும் நடங்கள். எந்தக் காற்று என்று தெரியாவிட்டால் டீக்கடையில் கேளுங்கள், மீன்பிடி ஊரில் அது தெரியாத ஆள் இல்லை.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருகிறவர்கள் இன்னொன்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்: பாம்பனில் கூண்டு ஏற்றியிருக்கிறார்களா, எத்தனாம் எண் கூண்டு? அது துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கை. கூண்டு ஏறியிருந்தால் தனுஷ்கோடிப் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

ஆடி அமாவாசை, தை அமாவாசை, புரட்டாசியில் மகாளய அமாவாசை ஆகிய மூன்று நாட்களும் தர்ப்பணத்துக்கு வருகிறவர்களுக்கு உரியவை. நடந்து ஊர் பார்க்க அந்த நாட்களைத் தேர்ந்தெடுக்காதீர்கள், தெருவில் உங்கள் கால் உங்கள் பேச்சைக் கேட்காது.

பையில் அதிகம் வேண்டாம். தண்ணீர், தொப்பி அல்லது ஒரு துண்டு, மாற்று வேட்டியோ சுடிதாரோ, நனைந்ததைப் போட ஒரு பிளாஸ்டிக் பை. ஷூ வேண்டவே வேண்டாம். இந்த ஊரில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை காலணியைக் கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். சுலபமாகக் கழற்றக்கூடிய பழைய ரப்பர் செருப்புதான் சரி. தொலைந்தாலும் மனம் நோகாது.

முதல் காலை: அக்னி தீர்த்தம், கோயில், ரத வீதிகள்

விடிவதற்கு அரை மணி முன்னால் அக்னி தீர்த்தக் கரைக்கு வந்துவிடுங்கள். கிழக்குக் கோபுரத்திலிருந்து நேர் கிழக்கே இரண்டு நிமிட நடைதான். அக்னி தீர்த்தம் என்பது குளமோ கிணறோ அல்ல, கடலேதான். முதல் தடவை பார்க்கிறவர்கள் நம்ப மாட்டார்கள். அலையே இருக்காது. உப்பு வாசனை மட்டும் இல்லையென்றால் ஏதோ பெரிய ஏரிக்கரையில் நிற்பதாகவே தோன்றும். இடுப்பளவு நீரில் வயதானவர்கள் பயமில்லாமல் முங்கி எழுகிறார்கள்.

இங்கே அவசரப்படாமல் ஒரு இருபது நிமிடம் படிக்கட்டில் உட்காருங்கள். மணலில் வரிசையாகத் தர்ப்பணம் நடந்துகொண்டிருக்கும். எள்ளும் பிண்டமும் வைத்த இலையைச் சுற்றிக் காகங்கள் முறை வைத்ததுபோல் நிற்கும். ஒருமுறை ராஜஸ்தான் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவரைப் பார்த்தேன். ஈர வேட்டியை முறுக்கிப் பிழிந்துவிட்டு, பிழிந்த தண்ணீர் மணலில் இறங்கும்வரை குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வேட்டியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரிடமும் பேசாமல் கோபுரத்தைப் பார்த்து நடந்தார். குளித்த துணியைக் கடலில் விட்டுவிட்டுப் போகும் பழக்கம் சிலரிடம் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அது மறுநாள் யாரோ ஒருவரின் காலில் சுற்றிக்கொள்ளும்.

கரையில் நின்று இடது கைப்பக்கம் பார்த்தால் தூரத்தில் விசைப்படகுகள் கூட்டமாக நிற்பது தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது வந்தால் எல்லாப் படகுகளும் கரையோரம்தான் இருக்கும்.

வெளிச்சம் வந்ததும் கோயிலுக்கு நடங்கள். கைபேசிக்கு உள்ளே அனுமதி இல்லை. அறையிலேயே வைத்துவிட்டு வந்தால் ஒரு வரிசை மிச்சம். 22 தீர்த்தங்களிலும் குளிக்கப் போகிறீர்கள் என்றால் முதலில் அதை முடித்துவிட்டு, உடை மாற்றிக்கொண்டு, அப்புறம் தரிசனம். ஈரத்துணியோடு சன்னதிக்குள் விடமாட்டார்கள். கிணற்றின் கைப்பிடிச் சுவர்மேல் நின்று, கயிற்றில் வாளியை எறிந்து இழுத்து, கீழே நிற்பவர் தலையில் ஒரே வீச்சில் ஊற்றுகிறவர்களின் கை வேகத்தைக் குளிக்காதவர்களும் நின்று பார்க்கலாம்.

நடைக்காக வந்தவர்களுக்கு இந்தக் கோயிலில் தனி விருந்து இருக்கிறது: மூன்றாம் பிரகாரம். 18-ஆம் நூற்றாண்டில் ராமநாதபுரம் மன்னர் முத்துராமலிங்க சேதுபதி காலத்தில் கட்டி முடித்தது; 1212 தூண்கள் என்று கணக்குச் சொல்வார்கள். நான்கு பக்கமும் சுற்றி வந்தால் 600 மீட்டருக்கு மேல். ஊரில் வெயில் படாமல் இவ்வளவு தூரம் நடக்கக்கூடிய இடம் வேறு கிடையாது. கிழக்கிலிருந்து தொடங்கி, நீளமான தெற்குப் பக்கத்தில் மெதுவாகப் போங்கள். பாதியில் நின்று தூண் வரிசையை நேராகப் பார்த்தால் கடைசித் தூண் விரல் அளவுக்குச் சுருங்கிவிடும். மேற்குக் கோபுர வழியும் பிரகாரமும் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடத்துக்குச் சொக்கட்டான் மண்டபம் என்று பெயர். சொக்கட்டான் என்ற தாய ஆட்டத்துக்குக் கூட்டல் குறி மாதிரி விரிக்கும் துணியைப் பார்த்தவர்களுக்குப் பெயர் ஏன் என்று உடனே புரிந்துவிடும். ஒன்று மட்டும்: தீர்த்தமாடியவர்கள் சொட்டச் சொட்ட ஓடுவதால் தரை எப்போதும் ஈரம். குழந்தைகளை ஓடவிடாதீர்கள்.

இப்போது செருப்பு விஷயம். கோவையிலிருந்து வந்த என் சித்தப்பாவை ஒரு சித்திரை மாதம் அழைத்துப்போயிருந்தேன். கிழக்கு வாசலில் செருப்பை விட்டோம். தரிசனம் முடிந்து, மேற்குக் கோபுரத்தையும் காட்டிவிடலாம் என்று அந்தப் பக்கமாக வெளியே வந்துவிட்டேன். மணி பதினொன்றரை. செருப்பு இருக்கும் வாசலுக்குப் போக மதிலை அரைச் சுற்றுச் சுற்ற வேண்டும், கீழே காய்ந்த தார்ச்சாலை. சித்தப்பா ஒரு கடை நிழலிலிருந்து இன்னொரு கடை நிழலுக்குத் தாவித் தாவி வந்தார். ஐந்து வருடமாகிறது, போன் செய்தால் முதலில் கேட்பது, “என்னப்பா, உங்க ஊர் ரோடு ஆறிடுச்சா?” என்பதுதான். ஆகையால், உள்ளே எத்தனை சுற்றுச் சுற்றினாலும் நுழைந்த வாசலிலேயே வெளியே வாருங்கள்.

செருப்பை மாட்டிக்கொண்டு, பகல் ஏறுவதற்குள் நான்கு ரத வீதிகளையும் வெளியிலிருந்து ஒரு சுற்று வாருங்கள். ஒரு கிலோமீட்டர் அளவுதான். சங்கு, சோழி, பாசிமணி, பனை ஓலைப்பெட்டி விற்கும் கடைகள் எல்லாம் இந்த வீதிகளில். வாங்குங்கள், ஆனால் பவளப்பாறைத் துண்டை யாராவது ரகசியமாகக் காட்டினால் தொடாதீர்கள். பவளமும் கடல் அட்டையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. வைத்திருப்பவர் மேல்தான் வழக்கு.

வடகிழக்கே பத்து நிமிட நடையில் பள்ளிவாசல் தெரு. அப்துல் கலாமின் வீடு அங்கேதான். இப்போது அதில் ஒரு காட்சியகம் இருக்கிறது, கூடவே சிப்பி, சங்குக் கடையும். எனக்கு வீட்டைவிட அந்தத் தெருதான் பிடிக்கும். தெருவில் நின்று யோசித்துப் பாருங்கள்: இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ரயில் ராமேஸ்வரத்தில் நிற்காமல் போக, ஓடும் ரயிலிலிருந்து நாளிதழ்க் கட்டுகளை வெளியே எறிவார்களாம், அவற்றைப் பொறுக்கி எடுத்து ஊருக்குள் விநியோகித்த பையன் இந்தத் தெருவிலிருந்துதான் போயிருக்கிறான். பேய்க்கரும்பில் இருக்கும் அவருடைய நினைவிடம், 2017 ஜூலை 27 அன்று திறந்தது, நெடுஞ்சாலை ஓரம். அங்கே நடந்து போகாதீர்கள், லாரிகளோடு நடக்கும் நடையில் சுகமில்லை. பேருந்தில் போய் இறங்குங்கள்.

பத்தரைக்கெல்லாம் நடையை நிறுத்திவிடலாம். கோயிலைச் சுற்றிச் சைவச் சாப்பாடுதான். மீன் வேண்டுமென்றால் பேருந்து நிலையப் பக்கமோ பாம்பனோ போக வேண்டும். கோயில் நடை மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை சாத்தியிருக்கும். நீங்களும் அதே நேரம் படுத்துக்கொள்ளுங்கள்.

முதல் மாலை: ராமர் பாதம், அல்லது சங்குமால் கரை

நான்கு மணிக்கு மேல் இரண்டு வழி இருக்கிறது. நடக்கத் தெம்பு இருப்பவர்கள் வடமேற்கே கந்தமாதன பர்வதத்துக்குப் போகலாம். பர்வதம் என்றதும் மலையைக் கற்பனை செய்யாதீர்கள், அது ஒரு மணல் மேடு. ஆனால் தீவிலேயே உயரமான இடம் அதுதான். கோயிலிலிருந்து இரண்டரை, மூன்று கிலோமீட்டர். வழி முழுக்க உடைமரங்கள். குடையை விரித்து நட்டு வைத்தது மாதிரி, மேலே தட்டையாக, கீழே ஒற்றைக் காலில் நிற்கும். நிழல் கொஞ்சம்தான், பார்க்க அழகு. முள் ரப்பர் செருப்பையும் துளைக்கும், எனவே பாதையை விட்டு இறங்காதீர்கள்.

மேலே இரண்டடுக்கு மண்டபம், உள்ளே ராமர் பாதம். மாடிக்குப் போனால் தீவு முழுவதும் தெரியும்: கோபுரங்கள், பச்சையான உடைமரக் காடு, இரண்டு பக்கமும் கடல், 323 மீட்டர் உயரத் தொலைக்காட்சிக் கோபுரம். ஐந்து மணிக்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள். இருட்டினால் அடைத்துவிடுவார்கள், திரும்பும் சாலையிலும் வெளிச்சம் குறைவு. குரங்குகள் உண்டு. தின்பண்டப் பையைக் கையில் ஆட்டிக்கொண்டு போனால் அது உங்களுடையது இல்லை.

அவ்வளவு தூரம் வேண்டாம் என்பவர்களுக்குச் சங்குமால் கரை. ஊரை ஒட்டியே வடக்கே இருக்கிறது. கூட்டம் இருக்காது, நாட்டுப்படகுகள் நிற்கும், வலை பிரித்துக்கொண்டிருப்பார்கள். இன்னும் கொஞ்சம் வடக்கே போனால் ஓலைக்குடா. தண்ணீரில் மூங்கில் தெப்பங்கள் வரிசையாக மிதப்பதைப் பார்ப்பீர்கள், பாசி வளர்ப்புத் தெப்பங்கள் அவை. அந்தப் பாசிக்கு ஊரில் பெப்சிப் பாசி என்றே பெயர். அந்தக் குளிர்பான நிறுவனம்தான் ஒரு காலத்தில் இந்தப் பயிரை இங்கே பரப்பியது. தெப்பத்தைக் கரைக்கு இழுத்து, கயிற்றில் முடிந்த பாசியை உருவி எடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். கேட்டால் சொல்வார்கள்: இது வேறு, கஞ்சிப் பாசி வேறு, மரிக்கொழுந்து வேறு. மரிக்கொழுந்துப் பாசி எடுக்க முங்கத்தான் வேண்டும். கையில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு பாறையோரம் மூச்சடக்கிப் போய் வருவார்கள். படம் எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள். “எடுத்துக்கங்க தம்பி” என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். கேட்காமல் எடுத்தால் வரும் பதிலை இங்கே எழுத முடியாது.

இரண்டாம் நாள் காலை: பாம்பன் பாலம்

பேருந்தில் பாம்பன் வந்து, பாலத்தின் கிழக்கு முனையில் இறங்குங்கள். சாலைப் பாலம் 1988 அக்டோபர் 2 அன்று திறந்தது, 2.3 கிலோமீட்டர் நீளம். முழுதாகக் கடக்கத் தேவையில்லை. நடு வரைக்கும் போய்த் திரும்பினால் போதும். நடைமேடையிலேயே நடங்கள், காற்று தொப்பியைப் பிடுங்கும், சில நாட்களில் ஆளையே தள்ளும். குழந்தைகளைக் கைப்பிடிச் சுவரில் ஏற்றிப் படம் எடுக்கும் அப்பாக்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும்.

மேலேயிருந்து வடக்கே குனிந்து பார்த்தால் ரயில் பாலம். 1914 பிப்ரவரியில் திறந்த பழைய பாலம் நூறு வருடத்துக்கு மேல் உழைத்தது. 1964 புயலில் நொறுங்கியபோது, ஸ்ரீதரன் என்ற பொறியாளர் 46 நாளில் அதைச் சரிசெய்து ரயில் விட்டார். பின்னாளில் டெல்லி மெட்ரோவைக் கட்டியவரும் அவர்தான். அதன் பக்கத்திலேயே எழுந்த புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறந்தது. பழையது கப்பலுக்கு வழிவிட இரண்டு கைகளாகப் பிரிந்து எழும்பியது, புதியதில் நடுப்பகுதி அப்படியே மின்தூக்கி மாதிரி மேலே போகும். பாலம் தூக்குவதைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். ரயில் போவதைப் பார்ப்பது சுலபம், ரயில் நேரத்தைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிடம் முன்னால் நின்றுகொள்ளுங்கள்.

இறங்கி வந்தால் பாம்பனில் நல்ல மீன் சாப்பாடு கிடைக்கும். நேரம் இருப்பவர்கள் தெற்கே குந்துகால் வரை ஷேர் ஆட்டோவில் போகலாம். யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வந்த விவேகானந்தர் 1897 ஜனவரி 26 அன்று இறங்கியது அங்கேதான். பாஸ்கர சேதுபதி நேரில் வந்து வரவேற்றார். நினைவு மண்டபமும் அமைதியான கரையும் இருக்கின்றன. அரை மணி போதும்.

இரண்டாம் நாள் பிற்பகல்: தனுஷ்கோடி

இதை நான் காலை நடையாகவே சொல்லியிருக்க வேண்டும். நிழலே இல்லாத இடம் இது; அதிகாலைப் பேருந்து பிடிக்க முடிந்தவர்கள் பாலத்தையும் இதையும் இடம் மாற்றிக்கொள்ளுங்கள். முடியாதவர்கள் இரண்டரை மணிவாக்கில் கிளம்பினால் சரியாக இருக்கும். மாலை ஐந்து மணி ஆனதும் போலீஸார் எல்லோரையும் வெளியேறச் சொல்லிவிடுவார்கள்.

முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர் சாலை போட்டது 2017-இல். அதற்கு முன் மணலிலும் தண்ணீரிலும் ஜீப்பில்தான் போவோம், முதுகெலும்பு தனித்தனியாகக் கழன்றுவிடும். இப்போது பேருந்து போகிறது. நடைக்கு நான் சொல்லும் வழி: பழைய தனுஷ்கோடியில் இறங்கி, இடிந்த தேவாலயத்தையும் ரயில் நிலையத்தின் மிச்சத்தையும் சுற்றி ஒரு மணி நேரம் நடங்கள். அரிச்சல்முனைக்கு அடுத்த பேருந்தில் போங்கள். அந்த நாலரைக் கிலோமீட்டரை நடந்தே தீருவேன் என்று போனவர்கள் பாதியில் கைகாட்டி வண்டி ஏறியதைத்தான் பார்த்திருக்கிறேன்.

தேவாலயச் சுவரைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். செங்கல் என்று நினைப்பீர்கள், பவளக் கல். பூப்பூவாய்த் துளைகள் தெரியும். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில் அப்படியே கடலுக்குள் போயிற்று. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் யாரும் திரும்பவில்லை. சுவரில் பெயர் கிறுக்கியிருப்பார்கள், அதில் நீங்களும் சேராதீர்கள். இன்னும் சில மீனவக் குடும்பங்கள் இங்கே குடிசை போட்டு இருக்கின்றன. இரண்டு பக்கமும் கடல், நடுவில் மணல், ஆனால் மணலில் நாலைந்து அடி தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். ஒரு அக்கா அகப்பையால் அந்த ஊற்றுத் தண்ணீரைக் கலங்காமல் கோரிக் குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு வாய் குடித்துப் பார்த்தேன், துளி உப்பு இல்லை. அவருடைய குடத்தை நிரப்ப முக்கால் மணி நேரமாகும், ஆகவே உங்கள் பாட்டிலை ஊரிலேயே நிரப்பிக்கொண்டு வாருங்கள்.

அரிச்சல்முனையில் தண்ணீரில் இறங்காதீர்கள். இரண்டு கடலும் சேரும் இடம், இழுப்பு பலம். கரையில் நின்று இடது பக்கம் சாந்தமாகவும் வலது பக்கம் இரைச்சலாகவும் இருப்பதைப் பார்க்கலாம். வாடைக் காலத்தில் இதுவும் மாறிவிடும்.

திரும்பும்போது பேருந்தில் வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் வந்திருந்தால், கோதண்டராமர் கோயில் பக்கம் தேங்கிக் கிடக்கும் ஆழமில்லாத தண்ணீரில் பூநாரைகள் நிற்கும். ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் கோயில் விலக்கில் இறக்கிவிடுவார். அடுத்த பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டு இறங்குங்கள்.